சோலைமந்தி: உயிரியல் பூங்காக்களில்

சோலைமந்தி (சிங்கவால் குரங்கு) மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் மட்டுமே வாழும் குரங்கினம். கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்தின் சைலண்ட் வேலி, நெல்லியாம்பதி காடுகளும் இடுக்கியின் பெரியாறு காடுகளும் இதன் வாழிடங்கள். எல்லைக்கு இப்பால் தமிழகத்தில் வால்பாறையிலும் களக்காட்டிலும் இதைக் காணலாம். 1758இல் லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். கரிய உடலும் முகத்தைச் சூழ்ந்த வெள்ளிநிறப் பிடரிமயிரும் பார்ப்பவரைக் கவர்ந்ததால், 19ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியக் காட்சிசாலைகளில் இடம்பெற்றுவிட்டது.

காட்டில் குடும்பம்

ஒரு கூட்டத்தில் பெரும்பாலும் பத்து முதல் இருபது மந்திகள் இருக்கும். வளர்ந்த ஆண் பொதுவாக ஒன்றுதான். பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே ஆயுள் முழுதும் தங்கிவிடுகின்றன. பருவமடைந்த ஆண்கள் வெளியேறுகின்றன. ஆகவே தாய், மகள், சகோதரி என்ற பெண்வழி உறவுதான் கூட்டத்தைக் கட்டிக்காக்கிறது. ஒரு பெண் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டியே ஈனும்; அடுத்த ஈற்றுக்கு இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். பகற்பொழுதின் பெரும்பகுதி இரை தேடுவதில் கழிகிறது. முள்நிறைந்த வெடிப்பலாக் காயைப் பிளந்து விதையெடுப்பதும், பட்டையை உரித்துப் பூச்சி பிடிப்பதும், கிடைத்ததைக் கன்னப்பையில் அடக்கிக்கொண்டு உயர்ந்த கிளைகளில் நகர்வதும் இதன் அன்றாடம்.

கூண்டிலிருந்து கூட்டத்திற்கு

பழைய காட்சிசாலைகளில் சிமெண்டுத் தரையும் இரும்புக் கம்பியும் கொண்ட கூண்டில் இக்குரங்கு தனியாகவோ இணையாகவோ அடைக்கப்பட்டது. 1970களில் குந்திப்புழையில் அணை கட்டும் திட்டத்துக்கு எதிராக எழுந்த சைலண்ட் வேலி இயக்கம் சோலைமந்தியை உலகறியச் செய்தது. திட்டம் கைவிடப்பட்டு, 1984இல் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதே காலத்தில் காட்சிசாலைகளும் விழித்தன. 1982இல் அமெரிக்காவின் பால்டிமோரில் இவ்வினத்துக்கென ஒரு கருத்தரங்கு கூடியது. அடுத்த ஆண்டே வட அமெரிக்காவில் கூட்டு இனப்பெருக்கத் திட்டம் தொடங்கியது. இந்தியாவில் 1992இல் அமைந்த மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் இனப்பெருக்கத் திட்டத்தில், சோலைமந்திக்கான பொறுப்பை வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா ஏற்றது.

ஆய்வுகள் கண்டவை

சோலைமந்திகளுக்குப் பழங்களையும் காய்களையும் நறுக்கித் தருவதே காட்சிசாலை வழக்கம். அமெரிக்க ஆய்வாளர்கள் அவற்றை முழுதாகவே கொடுத்துப் பார்த்தார்கள். மந்திகள் கூடுதலாக உண்டன. பலவகை உணவையும் தொட்டன. உண்ணும் நேரமும் நீண்டது. 1989இல் இம்முடிவு வெளியானது. கத்தியால் நாம் செய்யும் வேலை அக்குரங்கின் வேலையைப் பறிக்கிறது என்பதே இதன் பொருள்.

இந்தியப் பூங்காக்களில் நடந்த மற்றோர் ஆய்வு 2005இல் வெளிவந்தது. பார்வையாளர் நிற்கும்போது தன்னையே கடித்துக்கொள்வது, கையேந்துவது போன்ற இயல்பற்ற நடத்தைகள் கூடுவதை அது பதிவு செய்தது.

இனப்பெருக்கத் திட்டங்களும் பாடம் கற்றன. வட அமெரிக்காவில் தொகை பெருகியதும் பிறப்பைக் கட்டுப்படுத்தினார்கள். பின்னர் தொகை சரிந்தது. இடமாற்றத்திலும் ஒரு பாடம் உண்டு: ஆண்களைப் பூங்காவுக்குப் பூங்கா மாற்றலாம், அது காட்டு முறையே. மகளைத் தாயிடமிருந்து பிரிப்பதோ கூட்டத்தையே குலைக்கும்.

இன்றைய நிலை

காட்டில் எஞ்சியுள்ள முதிர்ந்த மந்திகள் சுமார் 2,500 என மதிப்பிடப்படுகிறது. அழியும் ஆபத்திலுள்ள இனமாக இது பட்டியலிடப்பட்டுள்ளது. பூங்காவில் எத்தனை குட்டி பிறந்தது என்பதைக் கொண்டு மட்டும் வெற்றியை அளப்பது தவறு. தாயும் மகளும் சேர்ந்து வாழும் கூட்டம், ஏறித் திரிய உயரம், மனிதக் கண்ணிலிருந்து ஒதுங்க மறைவிடம், உழைத்து உண்ண முழு உணவு: இவை நான்கும் அமைந்தால்தான் அது நல்ல பராமரிப்பு. பூங்காவுக்குச் செல்வோர் கடலை எறியாமலும் கூச்சலிடாமலும் நின்று பார்த்தால், அதுவே அவர்கள் செய்யக்கூடிய பேருதவி.