கிளட்ச் வழுக்கல்

கிளட்ச் பெடலிலிருந்து காலை முழுவதும் எடுத்த பிறகும் எஞ்சினின் சுழற்சி கியர்பாக்ஸுக்கு முழுமையாகப் போய்ச் சேராத கோளாறே கிளட்ச் வழுக்கல். பணிமனைகளில் இதை ‘கிளட்ச் ஸ்லிப் ஆகிறது’ என்பார்கள். ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் இரையும். வண்டி அதற்கேற்ப வேகம் எடுக்காது. பெரும்பாலும் கிளட்ச் பிளேட் தேய்வதால் இது நேர்கிறது. ஆனாலும் கேபிளைச் சரிசெய்தாலே தீர்ந்துவிடும் வழுக்கலும் உண்டு. அதனால் கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன் காரணத்தை உறுதிசெய்ய வேண்டும்.

அடிப்படை

எஞ்சினோடு சுழலும் ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே கிளட்ச் பிளேட் இருக்கிறது. பிரஷர் பிளேட்டிலுள்ள டயஃப்ரம் ஸ்பிரிங் இதை ஃப்ளைவீலோடு சேர்த்து அழுத்துகிறது. பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் அந்த ஸ்பிரிங்கின் விரல்களைத் தள்ளி அழுத்தத்தை விலக்கும்.

கிளட்ச் எவ்வளவு முறுக்குவிசையைக் கடத்தும் என்பதை உராய்வு, ஸ்பிரிங்கின் அழுத்தம், பிளேட்டின் ஆரம் ஆகிய மூன்றும் முடிவுசெய்கின்றன. ஆரம் மாறுவதில்லை. ஆகவே வழுக்கலுக்குக் காரணம் ஒன்று உராய்வு குறைந்திருக்க வேண்டும், அல்லது அழுத்தம் குறைந்திருக்க வேண்டும். சோதனைகள் எல்லாமே இந்த இரண்டில் எது என்று கண்டறியத்தான்.

வழுக்கலில் வீணாகும் ஆற்றல் வெப்பமாகிறது. 100 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையில் ஃப்ளைவீலுக்கும் பிளேட்டுக்கும் நிமிடத்துக்கு 1,000 சுற்று வேறுபாடு இருந்தால், சுமார் 10 கிலோவாட் வெப்பம் உண்டாகும். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டிகள் பத்தை ஒரே நேரத்தில் போட்டதற்கு இது சமம். சிறிய வழுக்கல் விரைவில் பெரிதாவது இதனால்தான்.

அறிகுறிகள்

முதலில் மேடு ஏறும்போதும், முழுச் சுமையோடு போகும்போதும், மேல் கியரில் முந்திச் செல்ல முயலும்போதும் தெரியவரும். எஞ்சின் அதிக முறுக்குவிசை தரும் வேகத்தில்தான் பலவீனமான கிளட்ச் முதலில் தோற்கும். 1.3 லிட்டர் ஸ்விஃப்ட் டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றிலேயே 190 நியூட்டன் மீட்டர் தந்தது. அத்தகைய டர்போ டீசல் கார்களில் எஞ்சின் அதிகம் இரையாத வேகத்திலேயே வழுக்கல் தலைகாட்டும். பெடலை ஏறக்குறைய முழுவதும் விட்ட பிறகே வண்டி நகர்வதும், கருகிய வாடை வருவதும், மைலேஜ் குறைவதும் பிற அறிகுறிகள்.

ஓட்டிப் பார்க்கும் சோதனை

கிளட்ச் பிடித்திருக்கும்வரை, ஒரு கியரில் ஒரு வேகத்துக்கு எஞ்சின் சுற்று எப்போதும் ஒன்றே. வாகன நெரிசல் இல்லாத சாலையில் நான்காம் கியரில் மெதுவாக 60 கி.மீ. வேகத்துக்குப் போய், டாக்கோமீட்டர் காட்டும் சுற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு 50 கி.மீ. வேகத்திலிருந்து ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்து, 60-ஐக் கடக்கும் கணத்தில் அதே முள்ளைப் பார்க்க வேண்டும். முன்பு 2,000 காட்டிய முள் இப்போது 2,600 காட்டினால் கிளட்ச் வழுக்குகிறது.

நிற்கும் நிலைச் சோதனையில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மேல் கியரில் பெடலை விடுவார்கள். எஞ்சின் உடனே அணைய வேண்டும். அணையாமல் ஓடினால் கிளட்ச் மிகவும் கெட்டுவிட்டது. ஆனால் ஐட்லிங்கில் எஞ்சின் தரும் விசை குறைவு. எனவே எஞ்சின் அணைந்துவிட்டது என்பதற்காகக் கிளட்ச் நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட முடியாது. இந்தச் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தால் பிளேட் கருகும்.

பிரிக்காமல் பார்க்க வேண்டியவை

கேபிள் உள்ள கார்களில் பெடலின் ஃப்ரீ பிளேயை, அதாவது கிளட்சைத் தொடாமல் பெடல் வெறுமனே அசையும் இடைவெளியை, முதலில் பார்க்க வேண்டும். பிளேட் தேயத் தேய இந்த இடைவெளி குறையும். அது முற்றிலும் போய்விட்டால், காலை எடுத்த பிறகும் ரிலீஸ் பேரிங் ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டே இருக்கும். கேபிள் இறுகிச் சிக்கினாலும் விளைவு அதுவே.

ஹைட்ராலிக் கிளட்சில் மாஸ்டர் சிலிண்டரின் சிறு துளை அடைத்துக்கொண்டால், திரவம் திரும்ப வழியின்றி அழுத்தம் தேங்கும். ஸ்லேவ் சிலிண்டரின் பிளீடரைச் சற்றுத் தளர்த்தித் தேங்கிய அழுத்தத்தை வெளியேற்றியதும் வழுக்கல் நின்றால், குறை பிளேட்டில் இல்லை.

கியர்பாக்ஸும் எஞ்சினும் சேரும் இடத்தின் அடியில் எண்ணெய்க் கசிவு இருந்தால், கிராங்க்ஷாஃப்டின் பின்பக்க சீலையோ கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் சீலையோ சந்தேகிக்கலாம்.

குழப்பிக்கொள்ளக் கூடாத கோளாறுகள்

பெடலை மிதித்தும் கியர் விழ மறுத்தால் அது கிளட்ச் முழுதாக விடுபடாத கோளாறு. வழுக்கலுக்கு நேர் எதிரானது. வண்டி கிளம்பும்போது மட்டும் உதறினால் அது வேறு பிரச்சினை. எஞ்சின் சுற்றும் ஏறாமல் வண்டியும் இழுக்கவில்லை என்றால், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், டர்போ ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

பிரித்த பின்

கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் பரப்பான லைனிங்கிலிருந்து ரிவெட் தலை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளப்பார்கள். பல தயாரிப்பாளர்களின் கையேடுகளில் குறைந்தபட்ச அளவு 0.3 முதல் 0.5 மி.மீ. வரை. கண்ணாடிபோல் மினுங்கும் லைனிங், ஃப்ளைவீலில் நீலப் புள்ளிகள், மயிரிழை விரிசல்கள் ஆகியவை அதிகச் சூட்டின் தடயங்கள். பெடல்மீது காலை வைத்தபடியே ஓட்டுவதும், மேட்டில் ஹாஃப் கிளட்சில் வண்டியை நிறுத்தி வைப்பதும் இதற்குப் பெரும் காரணங்கள். பழைய வாகனங்களின் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அந்தத் தூசியைக் காற்றழுத்தத்தால் ஊதக் கூடாது.

தீர்வு

பொதுவாகக் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒன்றாக மாற்றுவார்கள். மறுபடி கியர்பாக்ஸை இறக்கும் கூலியோடு ஒப்பிட்டால் அதுவே சிக்கனம். எண்ணெய் ஊறிய பிளேட்டைப் பெட்ரோலால் கழுவி மீண்டும் போடுவது பயன் தராது. கசியும் சீலை மாற்றாமல் புதுப் பிளேட் போட்டால், அதுவும் எண்ணெய் பட்டு வழுக்கும்.