தேசிய அரசாங்கம் என்ற பாடமும் பாகூர் கொம்யூனும்



அரசியல் அறிவியல் முதலாண்டில் தேசிய அரசாங்கம் பற்றிய பாடம் வரும். குடியரசுத் தலைவர், நாடாளுமன்றம், அமைச்சரவை, உச்ச நீதிமன்றம். பிறகு மத்திய, மாநில, பொதுப் பட்டியல்கள். கடைசியில் பஞ்சாயத்து ராஜ். மத்தி மேலே, மாநிலம் நடுவே, பஞ்சாயத்து கீழே என்று மூன்று அடுக்காகப் படம் போட்டுத் தேர்வில் மதிப்பெண் வாங்கிவிடலாம். ஆனால் அந்தப் படத்தைப் பனித்திட்டில் நின்று பார்த்தால் பொருந்தாது. நடு அடுக்கு இங்கே பாதிதான் இருக்கிறது. கீழ் அடுக்கில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் எவரும் இல்லை. இதனால் தலித் மக்களுக்கு என்ன இழப்பு என்பதே இந்த நினைவுரையின் பொருள்.

வரலாற்றிலிருந்து தொடங்குவோம். 1880-ல் பிரெஞ்சு ஆட்சி தன் இந்தியப் பகுதிகளில் 10 கொம்யூன்களை அமைத்தது. வில்லியனூரும் பாகூரும் அந்தப் பத்தில் உண்டு. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம், அதன் தலைவராக மேர் என்ற ஏற்பாடு அப்போதே வந்துவிட்டது. 1881-ஆம் ஆண்டு ஆணைப்படி, இந்து, இஸ்லாமியத் தனிச்சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு குடிமைச் சட்டத்தை ஏற்க எவரும் முன்வரலாம் என்றானது. அப்படித் துறந்தவர்களில் தலித்துகளும் தலித் கிறிஸ்தவர்களும் கணிசமானவர்கள். 1884-ல் ஐரோப்பியர், துறந்தோர், ஏனைய இந்தியர் என மூன்று வாக்காளர் பட்டியல்கள் வந்தன. சாதி இந்துத் தலைமை இதை எதிர்த்தது. 1899-ல் துறந்தோருக்கான தனிப் பட்டியல் நீக்கப்பட்டது. 1932 பூனா ஒப்பந்தத்தில் தனித்தொகுதி உரிமை கைவிட்டுப் போனதைப் படிக்கும் மாணவர்கள், அதற்கு 33 ஆண்டுகள் முன்பே நம் மண்ணில் நடந்த இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. துறந்தோர் பட்டியல் சாதியின் பெயரால் வந்ததல்ல. ஆனால் ஒடுக்கப்பட்டோர் தமக்கென ஒரு வாக்கு வலிமையைப் பெறுவதும், பெரும்பான்மை அதைக் கரைப்பதும் இரண்டிலும் இருக்கிறது.

அடுத்தது கீழூர். 1954 அக்டோபர் 18 அன்று, வில்லியனூர் பக்கத்துக் கீழூரில் இந்தியாவுடன் இணைவது பற்றிய வாக்கெடுப்பு நடந்தது. பிரதிநிதிகள் சபை, நகரசபை உறுப்பினர்களாக இருந்த 178 பேருக்கு வாக்கு. ஆதரவு 170, எதிர்ப்பு 8. நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16-ல்தான். இணைப்பு நியாயமானது, அதில் நமக்குக் கருத்து வேறுபாடில்லை. ஆனால் வயலில் நின்றவர் எவரும் அன்று வாக்களிக்கவில்லை, அவர் பெயரில் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள் என்பதையும் பாடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

இணைந்த பிறகு கிடைத்தது என்ன? 1962-ல் 14-ஆவது திருத்தம் 239ஏ பிரிவைக் கொண்டுவந்தது. அதன்கீழ் 1963-ஆம் ஆண்டு யூனியன் பிரதேச அரசாங்கச் சட்டம் சட்டமன்றத்தைத் தந்தது. அந்தச் சட்டத்தின் 44-ஆவது பிரிவைப் படியுங்கள். துணைநிலை ஆளுநருக்கும் அமைச்சர்களுக்கும் கருத்து வேறுபாடு வந்தால் முடிவு குடியரசுத் தலைவருக்குப் போகும். மாநிலப் பட்டியலில் உள்ள பொருளிலும் யூனியன் பிரதேசத்துக்கு நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்கிறது 246(4). ஆக, தேசிய அரசாங்கம் என்பது நமக்கு டெல்லியில் மட்டும் இருப்பதல்ல. அது நம் ஊர்க் கோப்பிலேயே கையெழுத்துப் போடுகிறது.

அந்தக் கையெழுத்தில் நம் பங்கு எவ்வளவு? 2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரியில் பட்டியல் சாதியினர் 1,96,325 பேர், அதாவது 15.73 விழுக்காடு. சட்டமன்றத்தின் 30 தேர்தல் இடங்களில் 5 தனித்தொகுதிகள். மக்களவையில் புதுச்சேரிக்கு ஒரே இடம், மாநிலங்களவையில் ஒரே இடம். விகிதாச்சாரப்படி ஒதுக்கச் சொல்கிறது 330-ஆவது பிரிவு. ஒரே இடத்தில் விகிதாச்சாரம் என்ன செய்யும்? மாநிலங்களவையிலோ இடஒதுக்கீடே கிடையாது. மத்திய அரசு நியமிக்கும் மூன்று சட்டமன்ற உறுப்பினர்களில் நமக்கு ஓர் இடம் என்றும் சட்டத்தில் இல்லை. அந்த மூவருக்கும் வாக்குரிமை உண்டு என 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021 பிப்ரவரியில் அமைச்சரவை கவிழ்ந்தபோது, பெரும்பான்மைக் கணக்கில் அவர்களும் இருந்தார்கள். மக்கள் வாக்களிக்காத மூவர், மக்கள் வாக்களித்த அரசின் ஆயுளைத் தீர்மானிக்கும் கணக்கில் இருக்கிறார்கள்.

இனி கீழ் அடுக்குக்கு வருவோம். 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. 243டி பிரிவு மக்கள்தொகை விகிதப்படி பட்டியல் சாதியினருக்கு இடங்களையும் தலைவர் பதவிகளையும் ஒதுக்குகிறது, அதற்குள் பெண்களுக்கும் பங்கு வைக்கிறது. ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்தாக வேண்டும் என்கிறது 243இ. இவை யூனியன் பிரதேசங்களுக்கும் பொருந்தும் என்கிறது 243எல். புதுச்சேரியில் 98 கிராமப் பஞ்சாயத்துகளும் 10 கொம்யூன் பஞ்சாயத்துகளும் இருக்கின்றன. 1968-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-ல்தான். 38 ஆண்டுகள்! 2011-ல் அந்தப் பதவிக்காலம் முடிந்தபின் மறுதேர்தல் இல்லை. 2021-ல் அறிவிப்பு வந்தது, இடஒதுக்கீட்டுச் சிக்கல் நீதிமன்றம் போனது, தேர்தல் நடக்கவில்லை.

அம்பேத்கரே கிராமத்தை நம்பவில்லையே, பிறகு நமக்கு எதற்குப் பஞ்சாயத்து என்று சில தோழர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அவர் கிராமக் குடியரசுப் பெருமையை மறுத்தார், தனிமனிதரை அலகாகக் கொண்டதை வரவேற்றார். சேரிக்குத் தண்ணீர் மறுத்த கிராமத்தின் கையில் அதிகாரத்தை எப்படிக் கொடுப்பது என்பதுதான் அவர் கவலை. 243டி அந்தக் கவலைக்கு அரசியலமைப்பு பின்னாளில் தேடிய பதில். தலைவர் நாற்காலியில் தலித் உட்காருவார் என்ற நிபந்தனையோடுதான் கிராமத்துக்கு அதிகாரம்.

அந்த நிபந்தனையின் விலையைத் தமிழ்நாடு அறியும். மேலவளவுப் பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனும் உடன் வந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய தனிப் பஞ்சாயத்துகளில் 1996 முதல் பத்தாண்டுகள் முறையான தேர்தலை நடத்தவிடாமல் ஆதிக்கச் சாதியினர் தடுத்தார்கள். 2006-ல்தான் அங்கே நாற்காலி நிரம்பியது. அங்கே நாற்காலி போட்டார்கள், உட்காரவிடவில்லை. இங்கே நாற்காலியே போடவில்லை. இரத்தம் சிந்தாததால் இது செய்தியாவதில்லை.

நாற்காலி இல்லாததால் நடப்பது இதுதான். பேட் பகுதிக்கு வடிகால் வேண்டும், சுடுகாட்டுப் பாதை வேண்டும், தெருவிளக்கு வேண்டும். தேர்ந்தெடுத்த மன்றம் இருந்தால் நம் உறுப்பினர் தீர்மானம் கொண்டுவருவார். ஊரார் எதிர்த்தால் அந்த எதிர்ப்பும் பதிவேட்டில் ஏறும். மன்றம் இல்லாததால் கொம்யூன் ஆணையரிடம் மனு கொடுக்கிறோம், எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் நிற்கிறோம். மனு கொடுப்பவர் கேட்பவர். தீர்மானம் போடுபவர் முடிவெடுப்பவர். இந்த வேறுபாட்டை அதிகம் இழந்திருப்பவர்கள் நம் பெண்கள். சட்டம் அவர்களுக்கு வைத்த தலைவர் பதவிகள் ஐந்தாண்டுகள் மட்டும் இருந்துவிட்டுப் போயின.

மாநில அந்தஸ்து வேண்டும் என்று எல்லாக் கட்சிகளும் பேசுகின்றன. நாமும் கேட்போம். ஆனால் டெல்லியிடம் அதிகாரம் கேட்பவர்கள், தங்கள் கையில் இருக்கும் அதிகாரத்தைப் பனித்திட்டுக்கும் பங்கிட வேண்டும் என்பதையும் அதே மேடையில் கேட்போம். உள்ளாட்சித் தேர்தலை நடத்த மாநில அந்தஸ்து தேவையில்லை. புதுச்சேரியின் 1973-ஆம் ஆண்டு கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டமே போதும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. பாடப் புத்தகத்தின் மூன்றடுக்குப் படத்தை நோட்டில் வரையுங்கள். ஒவ்வோர் அடுக்கிலும் உங்கள் ஊருக்காக இன்று முடிவெடுப்பவர் யார், அவரைத் தேர்ந்தெடுத்தது யார், அதில் தலித்துக்கும் தலித் பெண்ணுக்கும் சட்டம் தந்த இடம் எது, அது நிரம்பியிருக்கிறதா என்று எழுதுங்கள். தெரியாததைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கொம்யூன் அலுவலகத்தில் கேளுங்கள். அந்தப் பதில்களைக் கொம்யூன் வாரியாகத் தொகுத்து, 243டி இடங்களுக்கான தேர்தல் கோரிக்கையாக நாம் முன்வைப்போம்.

ஜெய்பீம்.