சர்ப்பகந்தா வேரும் குளிர்ந்துபோன எலியும்

எங்க ஊர் சங்கரன்கோவிலில் புற்றுமண்தான் பிரசாதம். சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகங்களின் கதையைக் கேட்டே வளர்ந்ததால், பாம்பு பெயர் எங்கே வந்தாலும் நின்று பார்ப்பேன். அப்படி மாட்டியதுதான் சர்ப்பகந்தா. பி.காம் படிக்கிறவனுக்கு மருந்து வரலாறு எதுக்குன்னு கேட்காதீங்க :)

பித்துப் பிடித்தவர்களை அமைதிப்படுத்த ஆயுர்வேத வைத்தியர்கள் கொடுத்த வேர் இது. 1931-ல் கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும், இது ரத்த அழுத்தத்தையும் குறைக்கிறது என்று எழுதினார்கள். அதே வருடம் சலீமுஸ்ஸமான் சித்திக்கி வேரிலிருந்து அஜ்மலினைப் பிரித்தார். வெளிநாட்டில் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1949-ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதிய பிறகுதான் விழித்துக்கொண்டார்கள். 1952-ல் சுவிட்சர்லாந்தின் சிபா கம்பெனி ரெசர்பினைப் பிரித்தெடுத்தது. காசு யாருக்குப் போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இனிதான் எலி. சாதாரண எலியைக் குளிரில் விட்டால் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கும், உடம்பு நடுங்கும், பழுப்புக் கொழுப்பு எரிந்து சூடு தரும். அந்தக் கொழுப்பை எரியச் சொல்லி நரம்பு அனுப்பும் சரக்கு நார்அட்ரினலின். ரெசர்பின் என்ன செய்கிறது? எங்க பாடத்தில் சொல்வதென்றால், கடையை மூடவில்லை, கிடங்கைக் காலி பண்ணிவிடுகிறது. ஆர்டர் வந்தாலும் ஸ்டாக் இல்லை. எலி குளிர்ந்துகொண்டே போகும்.

இதையே ஒரு பலனாகப் பார்த்தவர் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஆன்றி லபோரி. அறுவை அதிர்ச்சியிலிருந்து நோயாளியைக் காக்க, உடம்பைக் குளிர்வித்து 'செயற்கை உறக்கம்' தர நினைத்தார். 1950 டிசம்பரில் உருவான குளோர்புரோமசின் அவர் கைக்கு வந்தது. 1952-ல் அது பாரிஸ் மனநல மருத்துவமனைக்குப் போனது. மீதி எல்லாருக்கும் தெரிந்த கதை.

எனக்கு சுவாரசியமாகப் பட்டது வேறு. குளோர்புரோமசின் உடம்பைக் குளிர்விக்கும் மருந்து இல்லை, சூட்டைக் காக்கும் காவலாளியைத் தூங்கவைக்கும் மருந்து. குளிரில் விட்டால் விலங்கு குளிரும், கடும் வெயிலில் விட்டால் சூடேறும். நம்ம ஊர் சித்திரை வெயிலுக்கு இது விளையாட்டில்லை. வீட்டில் யாராவது இந்த வகை மாத்திரை சாப்பிட்டால் நீங்களாக நிறுத்தாதீங்க, டாக்டரிடம் கேளுங்க. உச்சி வெயிலில் மட்டும் அவர்களை அனுப்பாதீங்க.

சொல்ல மறந்தேன். ரெசர்பினால் குளிர்ந்த எலிக்கு இமிப்ரமின் கொடுத்தால் சூடு திரும்புகிறது. மனச்சோர்வுக்கான மருந்துகளைச் சலித்தெடுக்க ஆய்வகங்களில் ரொம்ப காலம் இந்தச் சோதனையைத்தான் செய்தார்கள்.