ஸ்டீயரிங் சுவிட்ச் சோதனை

காரின் ஸ்டீயரிங் சக்கரத்தில் ஒலியளவு, பாட்டு மாற்றம், போன், குரூஸ் ஆகியவற்றுக்கு உள்ள பொத்தான்கள் மக்கர் செய்யும்போது, பழுது எங்கே என்று மல்டிமீட்டரால் கண்டறிவது ஸ்டீயரிங் சுவிட்ச் சோதனை. பொத்தான் வேலை செய்யவில்லை என்றதும் சுவிட்சையே மாற்றிவிடுவோர் உண்டு. பழுது வேறிடத்தில் இருந்தால் காசுதான் வீண்.

சக்கரத்தில் பொத்தான் வைப்பது புதிதல்ல. ஃபோர்டின் 1958 எட்செல் கார், கியர் பொத்தான்களையே சக்கரத்தின் நடுவில் வைத்து, கோளாறுக்குப் பெயர் வாங்கியது.

இப்போதைய கார்கள் பலவற்றில் பொத்தானுக்கொரு வயர் கிடையாது. எல்லாப் பொத்தான்களும் ஒரே வயரில் வெவ்வேறு மின்தடையோடு இணைந்திருக்கும். மியூசிக் சிஸ்டம் அந்த வயரில் பெரும்பாலும் 5 வோல்ட் கொடுத்து, அழுத்தும்போது அது எவ்வளவாக இறங்குகிறது என்று பார்த்துப் பொத்தானை அடையாளம் காணும். சிஸ்டத்துக்குள் 1,000 ஓம், பொத்தானில் 1,000 ஓம் என்றால் 2.5 வோல்ட். ஆகவே தொடுமுனையில் அழுக்குப் படிந்து தடை சில நூறு ஓம் கூடினாலே, ஒலியைக் கூட்ட அழுத்தினால் பாட்டு மாறும். ஈரம் புகுந்து மின்சாரம் கசிந்தால், யாரும் தொடாமலே ஒலி ஏறி இறங்கும்.

இந்த அழுக்கு எப்படிச் சேர்கிறது என்பதற்கு ஓர் ஊரைப் பார்க்கலாம். கடலூர் மாவட்டத்தில் நெய்வேலி நகரியத்தை ஒட்டி, விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நெடுஞ்சாலையில் இருக்கிறது வடக்குத்து. பக்கத்திலேயே திறந்தவெளிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களும் அனல்மின் நிலையங்களும். இப்படிப்பட்ட ஊரில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினால் தூசியும் சாம்பலும் பொத்தான் இடுக்கில் இறங்கும். உள்ளங்கை வியர்வையோடு சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த சாம்பல் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் தொடுமுனைக்கு அது தடுப்பாகிவிடுகிறது.

சோதிக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, கையேடு சொல்லும் நேரம் காத்திருக்க வேண்டும். சக்கரத்தின் நடுவில் ஏர்பேக் இருக்கிறது. இந்தியாவில் 2019 ஜூலை முதல் புதிய கார்களில் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். அதன் மஞ்சள் கனெக்டரில் மீட்டரை வைக்கவே கூடாது. மீட்டர் அனுப்பும் சிறு மின்னோட்டமும் அதை வெடிக்க வைக்கலாம்.

அளக்க வேண்டியது இரண்டு இடத்தில். முதலில் சுவிட்சின் கனெக்டரைக் கழற்றி, ஓம் நிலையில் ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்து, கையேட்டு அளவோடு ஒப்பிட வேண்டும். மீட்டர் முள்ளோ எண்ணோ தடுமாறினால் தொடுமுனை கெட்டிருக்கிறது. அளவு சரி என்றால் சுவிட்சைத் திரும்ப மாட்டி, ஸ்டீயரிங் தண்டின் அடியில் உள்ள கனெக்டரில் அதையே அளக்க வேண்டும். இங்கே தவறினால் குற்றவாளி இடையில் இருக்கும் கிளாக் ஸ்பிரிங்: சக்கரம் திரும்பினாலும் இணைப்பு அறாமலிருக்கச் சுருட்டி வைத்த பட்டை வயர். அளந்துகொண்டே சக்கரத்தை மெல்லத் திருப்பினால், அறுந்த இடம் வரும்போது அளவு காணாமல் போகும். ஹாரனும் ஊமையாகி, ஏர்பேக் விளக்கும் எரிந்தால் சந்தேகம் முதலில் இதன் மேல்தான். புதிதாக மாட்டும்போது முன் சக்கரங்கள் நேராகவும் ஸ்பிரிங் நடுநிலையிலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முழுதாக ஒடிக்கும் முதல் திருப்பத்திலேயே அறுந்துவிடும்.

இரண்டு இடமும் சரி என்றால் எர்த் இணைப்பையும் மியூசிக் சிஸ்டத்தையும் பார்க்க வேண்டும்.

அழுக்கு மட்டும் என்றால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்தால் போதும். உப்புத்தாள் வேண்டாம்; கார்பன் பூச்சு உரிந்துவிடும். லின் எனும் தகவல் வயர் உள்ள புதிய கார்களில் சுவிட்சே சைகையாகத் தகவல் அனுப்புவதால் ஓம் அளவு பயன்படாது. அங்கே ஸ்கேனர்தான் வழி.