காணாமற்போன மக்னீசியம்

வடவைத் தீயை முன்வைத்து நண்பர் ஒருவர் சென்ற மாதம் என்னோடு சண்டைக்கு வந்தார். கடலடியில் பெண்குதிரை முகத்தோடு எரிகிற தீ அது. ஆறுகள் கொட்டும் நீரை அது குடித்துக்கொண்டேயிருப்பதால்தான் கடல் கரை மீறுவதில்லை என்பது புராணம். 1977இல் பசிபிக்கின் அடியில் வெந்நீர் ஊற்றுகளைக் கண்டார்களே, அதை நம்மவர்கள் அன்றே சொல்லிவிட்டார்கள் என்பது அவர் கட்சி. எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அவரை மறுப்பதற்காக இந்த விஷயத்தின் சரித்திரத்தைப் படிக்கப்போய், எதிர்பாராத ஓரிடத்தில் வந்து நிற்கிறேன்.

புராணத்தின் விடை இருக்கட்டும். அதன் கேள்வி ஒரு கணக்கனின் கேள்வி. வரவு கண்ணுக்குத் தெரிகிறது, செலவு எங்கே?

இதே கணக்கை 1899இல் டப்ளினில் ஜான் ஜோலி போட்டார். கடலிலுள்ள மொத்த சோடியத்தை, ஆண்டுதோறும் ஆறுகள் கொண்டுவரும் சோடியத்தால் வகுத்தார். பூமியின் வயது 8 முதல் 9 கோடி ஆண்டுகள் என்று வந்தது. இன்று நாம் அறிந்த வயது 450 கோடிக்கும் மேல். வகுத்தலில் பிழையில்லை. உள்ளே போன சோடியம் வெளியே வராது என்று வைத்துக்கொண்டதில்தான் பிழை. செலவுப் பக்கத்தை அவர் வெறுமையாக விட்டுவிட்டார்.

மக்னீசியத்தின் வழக்கு இதைவிடக் கடினம். ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 1.3 கிராம் மக்னீசியம் இருக்கிறது. இன்றைய ஆறுகளை மட்டும் விட்டால், கடலில் உள்ள அளவை ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்குள் கொண்டுவந்து சேர்த்துவிடும். கடலோ அதைவிட எத்தனையோ மடங்கு பழையது. ஆக, மக்னீசியம் எங்கோ வெளியேறியாக வேண்டும். 1966இல் மெக்கன்சியும் காரல்ஸும் ஒரு வழி சொன்னார்கள்: ஆற்றுக் களிமண் கடலடியில் மீண்டும் வினைபுரிந்து புதிய களிமண்ணாகிறது, அதில் மக்னீசியம் அடங்கிவிடுகிறது. தர்க்கம் சரி. ஆனால் வேண்டிய அளவுக்கு அந்தப் புதுக் களிமண்ணை அன்று யாராலும் காட்ட முடியவில்லை. வங்கியில் இதற்கு சஸ்பென்ஸ் கணக்கு என்று பெயர். விளங்காத தொகையை அங்கே போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

வெப்பக் கணக்கிலும் துண்டு விழுந்தது. நடுக்கடல் மலைத்தொடர்களில், புதிதாய்ப் பிறந்த பாறையிலிருந்து வெளியேற வேண்டிய வெப்பத்தைக் கருவிகள் காட்டவில்லை. குளிர்ந்த கடல்நீர் பாறைப் பிளவுகளுக்குள் இறங்கி, சூடேறி, வெப்பத்தைச் சுமந்துகொண்டு வேறு வாசல் வழியாக வெளியேறுகிறது என்று ஊகித்தார்கள். 1975இல் பிஷாஃபும் டிக்சனும் கடல்நீரையும் எரிமலைப்பாறைப் பொடியையும் 200 பாகை செல்சியஸில் பெரும் அழுத்தத்தில் அடைத்துவைத்துப் பார்த்தார்கள். நீரிலிருந்த மக்னீசியம் பாறைக்குள் போயிற்று, நீர் அமிலமாயிற்று.

1977 பிப்ரவரியில் கலாபகோஸ் தீவுகளுக்கருகே, சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில், ஆல்வின் என்ற சிறு நீர்மூழ்கி இறங்கியது. முதல் பயணத்தில் ஜாக் கோர்லிஸ், சேர்ட் வான் ஆண்டல், ஓட்டுநர் ஜாக் டோனலி ஆகிய மூவர். எதிர்பார்த்தபடி வெந்நீர் இருந்தது; எதிர்பாராதபடி சிப்பிகளும் நண்டுகளும் குழாய்ப் புழுக்களும் இருந்தன. கப்பலில் உயிரியலாளர் ஒருவர்கூட இல்லை. பிடித்த உயிர்களில் சிலவற்றை வோட்காவில் போட்டுவைத்தார்கள். மாதிரி நீரைத் திறந்தபோது அழுகிய முட்டை நாற்றம். ஹைட்ரஜன் சல்பைடு.

உலகம் புழுக்களைப் பார்த்து வியந்தது. கிளாஸ்கோவில் பிறந்த ஜான் எட்மண்ட் என்ற ரசாயனக்காரர் நீரைப் பார்த்தார். அது வெறும் வெதுவெதுப்பு. 20 பாகைகூட இல்லை. மேலே வருமுன்பே குளிர்நீரோடு கலந்துவிட்ட நீர். அவரும் சகாக்களும் ஒவ்வொரு மாதிரியிலும் வெப்பம் ஏற ஏற மக்னீசியம் குறைவதைக் கண்டார்கள். புள்ளிகள் நேர்கோட்டில் விழுந்தன. மக்னீசியம் பூஜ்யமாகும் இடம்வரை கோட்டை நீட்டினால், வெப்பம் சுமார் 350 பாகை. யாரும் காணாத நீரின் வெப்பம், தாளில்.

1979இல் மெக்சிகோவுக்கு மேற்கே, 21 பாகை வடக்கில், கறுப்பாய்ப் பீறிடும் ஒரு குழாய்க்குள் ஆல்வின் வெப்பமானியை நீட்டியது. எடுத்துப் பார்த்தால் கம்பி நுனியிலிருந்த பிளாஸ்டிக் உருகியிருந்தது. வேறு கருவியால் அளந்தபோது 350 பாகையை ஒட்டி, அதற்கு மேலும் வந்தது. அந்த ஆழத்தின் அழுத்தத்தில் நீர் கொதிப்பதில்லை.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது இல்லாமையின் வேலை. மக்னீசியம் நீரிலுள்ள ஹைட்ராக்சிலைச் சேர்த்துக்கொண்டு பாறைக்குள் கனிமமாகிறது. மிஞ்சிய ஹைட்ரஜன் அயனி நீரை அமிலமாக்குகிறது. அந்த அமிலம் பாறையிலிருந்து இரும்பையும் செம்பையும் துத்தநாகத்தையும் கரைத்தெடுக்கிறது. வெளியே வந்து குளிர்நீரைத் தொட்டதும் உலோகங்கள் சல்பைடுத் துகள்களாக விழுகின்றன. அந்தக் கறுப்பு புகையல்ல, கனிமப்பொடி. ஒன்று காணாமற்போனதால் மற்றதெல்லாம் நடக்கிறது. எடுத்த மாதிரியில் கடல்நீரில் உள்ளதில் பத்தில் ஒரு பங்கு மக்னீசியம் இருந்தால், பத்தில் ஒரு பங்கு கடல்நீர் கலந்துவிட்டது என்று பொருள். சுத்த ஊற்றுநீரை நாம் பெரும்பாலும் இந்தக் கழித்தலின் வழியாகவே அறிகிறோம்.

கணக்கு முடிந்துவிடவில்லை. மலைத்தொடரின் சரிவுகளில் கசியும் மிதமான நீர் எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்பதில் தகராறு தொடர்கிறது. 1995இல் அமேசான் முகத்துவாரச் சேற்றில் அந்தப் புதுக் களிமண் உருவாவதைக் காட்டினார்கள். சஸ்பென்ஸில் போட்டதிலும் ஒரு பகுதி மெய்யாக இருந்திருக்கிறது. 2000இல் அட்லாண்டிக்கில் கண்ட லாஸ்ட் சிட்டி ஊற்றுகளிலோ நீர் அமிலமல்ல, காரம், பாறை வேறு.

நண்பருக்கு என் பதில் இதுதான். கேள்வியின் பெருமையைப் புராணத்துக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் வடவைத் தீ எத்தனை பாகையாக இருந்தாலும் அதற்கு நஷ்டமில்லை. எட்மண்டின் 350 பொய்த்துப்போயிருக்கக்கூடும். நம் விமரிசனத்திலும் துண்டு விழுகிற இடத்திலெல்லாம் ‘மண்வாசனை’, ‘தரிசனம்’ என்று எதையாவது போட்டுக் கணக்கை மூடிவிடுகிறோம். நானும் மூடியிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் கவுண்டரில் இருந்த ஒரு மாலை, கேஷில் 5,000 ரூபாய் குறைந்தது. மூன்று முறை எண்ணினோம். எல்லோர் கண்ணும் கட்டுகளைத் தூக்கிவைக்கும் தற்காலிக ஊழியர்மேல் போயிற்று, என் கண்ணும். யாரும் எதுவும் சொல்லவில்லை. அவரே சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டினார். நான் கைப்பணத்தைப் போட்டுக் கணக்கை முடித்தேன். நான்காம் நாள் வாடிக்கையாளர் ஒருவர் பத்து ஐநூறு ரூபாய்த் தாள்களைக் கொண்டுவந்து என்னிடமே நீட்டினார். என் கைதான் கூடுதலாக எண்ணிக் கொடுத்திருக்கிறது.

அதற்குள் அந்த ஊழியர் வேலைக்கு வருவதை நிறுத்தியிருந்தார். 5,000 என் பைக்குத் திரும்பிவிட்டது. கணக்கு சரி.