உமி மெத்தையில் விழப் பழகிய ஐந்து மாதங்கள்

க்யிம்யிண்டைங் என்றால் பலருக்குத் தெரியாது. வெள்ளைக்காரன் காலத்துப் பெயர் கெமண்டைன். ரங்கூனின் மேற்கே, லைங் ஆற்றங்கரை. 1877இல் ரங்கூனிலிருந்து ப்ரோமுக்குப் போட்ட ரயில் பாதை எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. ஆற்றோரம் அரிசி ஆலைகளும் மரவாடிகளும். நான் பிறந்தது அங்கே. ஜூடோ கற்கத் தொடங்கியதும் அங்கேதான், 1963 கடைசியில், பன்னிரண்டு வயதில்.

ஆலைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. தரையில் உமியைப் பரப்பி மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருப்பார்கள். ஜப்பானியர் விரிக்கும் தாதாமிப் பாய்க்கு எங்கள் ஊர் மாற்று அது! சொல்லிக் கொடுத்தவர் ஒரு பர்மியர். 'சயா' என்போம். முதல் நாள் குனிந்து வணங்கச் சொன்னார். அடுத்து விழச் சொன்னார். மாதக்கணக்கில் அவ்வளவுதான். மோவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, முதுகு தரையைத் தொடும் அதே நொடியில் கையை நீட்டித் தரையை ஓங்கி அறைய வேண்டும். விழுந்த வேகத்தைக் கை வாங்கிக்கொள்ளும், தலை தப்பிக்கும். உகெமி என்று பெயர்.

வீட்டில் பெரிய சண்டை. 1942 மார்ச் 8ஆம் தேதி ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தது. நம்மவர்கள் லட்சக்கணக்கில் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே ஊர் போனார்கள். தாத்தா போகவில்லை. ஒரு நாள் காவல் நின்ற சிப்பாய்க்குக் குனிந்து வணங்காமல் சைக்கிளில் கடந்துவிட்டார். கன்னத்தில் அறை. ஜப்பான் சிப்பாயின் கன்னத்து அறை பர்மா முழுக்கப் பேர்போனது. தங்களுக்குள்ளேயே மேலே இருப்பவன் கீழே இருப்பவனை அப்படித்தான் அறைவான்.

"நான் குனியாததுக்கு அறை வாங்கினேன். என் பேரன் காசு கொடுத்துக் குனியறானா?" என்றார் தாத்தா.

பெரியப்பா வேறு கட்சி. 1944 ஜனவரியில் நேதாஜி தலைமையகத்தை ரங்கூனுக்கு மாற்றினாரே, அப்போது இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர். "அறைஞ்சது பட்டாளம். இது விளையாட்டுப்பா" என்றார்.

யார் சொன்னது சரி? பிற்பாடு படித்துப் பார்த்தேன். 1882இல் கானோ ஜிகோரோ என்ற ஆசிரியர் தோக்கியோவில் எய்ஷோஜி என்ற கோயிலில் 12 பாய் விரித்துத் தொடங்கியது ஜூடோ. அவர் 1938இல் கப்பல் பயணத்தில் இறந்துபோனார். போர் வந்ததும் தற்காப்புக் கலைகள் பட்டாளப் பயிற்சியாகிவிட்டன. கலைகளுக்கான புத்தொகுகாய் அமைப்பை 1942இல் அரசே தன் கையில் எடுத்துக்கொண்டது. ஆக, பட்டாளம் வேறு கலை வேறு என்று பெரியப்பா பிரித்தது முழுக்கச் சரியில்லை. தோற்ற பிறகு அமெரிக்கர்கள் பள்ளிகளில் இவற்றைத் தடை செய்தார்கள். 1950இல்தான் ஜூடோ பள்ளிக்குத் திரும்பியது, விளையாட்டாக.

அந்த விளையாட்டுதான் எங்களிடம் வந்தது. 1954 நவம்பரில் ஜப்பான் பர்மாவுக்கு 20 கோடி டாலர் போர் இழப்பீடு தர ஒப்பந்தம் போட்டது. அதே 1950களில் முரசிகே அரிதோஷி என்ற ஜப்பானியர் பர்மாவில் அய்கிடோ கற்பித்தார். பன்னிரண்டு வருடம் முன்பு பூட்ஸ் காலோடு வந்த நாடு, வெறுங்காலோடு திரும்பி வந்தது. தாத்தாவிடம் இதையெல்லாம் சொல்லியிருந்தாலும் ஒப்பியிருக்க மாட்டார். அறை வாங்கிய கன்னம் அவருடையது.

ஒரு மாலை அவரே கொட்டகைக்கு வந்துவிட்டார். நாங்கள் வரிசையாக விழுந்து தரையை அறைந்துகொண்டிருந்தோம்.

"யாரைடா அறையறீங்க?"

"தரையைத்தான் தாத்தா."

ஒன்றும் பேசாமல் உமி மூட்டை மேல் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தார். பிறகு சண்டை போடவில்லை. சம்மதம் என்றும் சொல்லவில்லை.

1964 மார்ச் 19. கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. அப்பாவின் மளிகைக்கடைக்கும் பூட்டு. மே 17இல் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாதென்றார்கள். ஜூடோ அத்தோடு நின்றது. விழ மட்டும் தெரியும், ஒருத்தரைத் தூக்கிப்போடத் தெரியாது. அந்த அக்டோபரில் தோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ முதன்முதலாகச் சேர்ந்தது. ஹாலந்துக்காரர் கீசிங்க் ஜப்பானின் கமினாகாவை மடக்கிப் பிடித்துத் தங்கம் வாங்கினார். நாங்களோ கப்பல் சீட்டுக்கு வரிசையில் நின்றோம்.

மறு வருடம் துறைமுகத்தில் சோதனை. அம்மாவின் தோடு, வளையல் எல்லாம் போயிற்று. மூட்டைக்குள் மைதா சாக்கில் அம்மா தைத்த என் ஜூடோ சட்டை. உதறிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். வியாசர்பாடியில் தம்பி அதைக் கிழியும்வரை போட்டான்.