இல்லாத நோயா, காணாத நோயா?

ஜொகூரில், குளுவாங்கிலோ மூவாரிலோ, மூதாட்டி ஒருவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தார் எனக் கொள்வோம். அறுவை நன்கு முடிகிறது. ஆயினும் பத்தாம் நாள் திடீரென மூச்சுத் திணறி உயிர் பிரிகிறது. மாரடைப்பு என்று வீட்டார் எண்ணுவர். மெய்யான காரணம் காலில் இருந்திருக்கவும் கூடும்.

அசைவின்றிக் கிடப்போரின் கால் சிரைகளில் குருதி தேங்கி உறைவதுண்டு. அவ்வுறைவு பெயர்ந்து, இதயத்தின் வழியே சென்று நுரையீரற் குழாயை அடைக்கும். இவ்வுண்மையை விளக்கியவர் செருமானிய அறிஞர் விர்க்கோ. அவர்தம் நூல் வெளிவந்தது 1856இல்.

எனினும், இது மேனாட்டார் நோய், ஆசியர்க்கு அரிது என்னும் கருத்து நெடுங்காலம் நிலவியது. 1964இல் லான்செட் என்னும் மருத்துவ இதழிலும் அத்தகைய குறிப்பொன்று வந்தது. அரிது என்று கொண்டமையால் தேடுவார் குறைந்தனர். தேடாமையால் அரிது என்னும் எண்ணம் வலுத்தது.

இந்த வட்டத்தை உடைத்த ஆய்வுகளுள் ஒன்று மலேசியாவிலேயே நிகழ்ந்தது. தில்லான் முதலிய மூவர், உறைவு தடுக்கும் மருந்து பெறாது இடுப்பிலும் முழங்காலிலும் அறுவை செய்துகொண்ட 88 பேரின் கால்களைச் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தனர். 55 பேரிடம் உறைவு இருந்தது! முடிவு 1996இல் வெளியாயிற்று. பெரும்பாலோர்க்கு வெளிக்குறி ஏதும் தோன்றாமலே இந்நோய் இருக்கக்கூடும் என்பதை நாம் மறத்தலாகாது.

சாயம் ஏற்றுவது நோயாளிக்குத் தொல்லை. அதற்கு மாற்றாக வந்ததே கேளா ஒலி. கிளாஸ்கோவில் இயன் டொனால்டு 1958இல் மருத்துவத்தில் அதன் பயனைக் காட்டினார். கால் சிரையை ஆராய அதனை ஆளும் முறையை டால்பட் என்பவர் 1982இல் எழுதினார். முறை எளிது. தொடையடியிலும் முழங்காலின் பின்னும் கருவியை வைத்து மெல்ல அழுத்துவர். நல்ல சிரை தட்டையாகிவிடும். உறைவு உள்ள சிரை அழுந்தாது நிற்கும். கருவி சிறுத்தமையால், நோயாளியை நகர்த்தாமல் படுக்கையருகிலேயே சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். கெண்டைக்காலின் சிற்றுறைவு தப்பவும் கூடும். ஐயமிருப்பின் ஒரு வாரம் கழித்து மீண்டும் பார்ப்பர்.

வரலாறு உணர்த்துவது யாது? ஒரு நோய் நம்மிடம் இல்லை என்று சொல்லுமுன், தேடிப் பார்த்தோமா என்று வினவ வேண்டும். நெடுநாள் படுத்திருந்தவரின் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், தைலம் தேய்த்துக் காலந் தாழ்த்தாது மருத்துவரிடம் சொல்லுதலே நலம்.